குடும்பமாகப் பார்த்தோம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலையிலிருந்து எப்சிபா ஓர் இடத்தில் உட்காரவில்லை. உலர்ந்த துணியை மறுபடி உதறினாள். மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். கேஸை அணைத்தோமா என்று மூன்றாவது தடவை அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

போன வாரம் அவளைக் கைப்பேசியும் கையுமாக நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். எதிர்முனையில் பேசியவர் ரவிதேஜா. கணபதி பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாயுடு வீட்டுப் பிள்ளை. எப்சிபாவின் சபையில் பாடகர் குழுவில் இருந்த பெனினாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். பெனினா பிப்ரவரியில் இறந்துபோனாள். ஒன்பது வயது மகள் ஹர்ஷிணியை “சர்ச்சுக்குப் போறதை விட்டுடாம வளர்த்துங்க” என்று அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டதை அந்த மனிதர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்டது சின்ன விஷயம்தான்.

“அக்கா, போன மாசம் பட்டியல்ல நீங்க போட்ட படத்தை நானும் பாப்பாவும் பார்த்தோம்ங்க. அன்னியிலிருந்து இவ ஸ்கூல்ல மத்தியானம் சாப்பிடறதே இல்லைங்க. டப்பா அப்படியே திரும்பி வருது. படத்துல அந்தப் பாப்பாவோட அம்மா பொழச்சுட்டாங்க, எங்கம்மா ஏன் பொழைக்கலேங்கறா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. உங்க ஊட்ல அந்த சீனைப் பார்த்தப்ப நீங்கெல்லாம் என்ன பேசிக்கிட்டீங்கன்னு சொன்னீங்கன்னா, நானும் அதையே சொல்லிக்குவேன். சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா?”

“வாங்க தம்பி” என்றாள் எப்சிபா.

அந்த இடத்தில்தான் சறுக்கினாள். “தம்பி, அந்தப் படத்தை நாங்க பார்க்கவே இல்லை” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றி நம் வாசகர்களுக்குத் தெரியும். சபை மடலின் கடைசிப் பக்கம். ‘வீட்டில் இந்த மாதம்’ என்று தலைப்பு. ஒரு புத்தகம், ஒரு படம். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் எப்சிபா நாலு வருடமாக எழுதுகிறாள். வெறும் புகழ்ச்சி எழுத மாட்டாள். ‘பாட்டு ஏழு இருக்கிறது, நாலைத் தள்ளிவிடலாம்.’ ‘சிலுவைக் காட்சியில் ரத்தம் அதிகம், எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம்.’ ‘மிஷனரியின் வரலாறு நல்லது, மனைவியைப் பற்றி ஒரு பக்கம்தான் இருக்கிறது, அது குறை.’ இப்படி எழுதுவாள். அதனாலேயே ஜனங்கள் நம்பினார்கள். கீழே எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘குடும்பமாகப் பார்த்தோம், பரிந்துரைக்கிறோம்.’

முதல் மூன்றரை வருடம் அது சத்தியம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கணவர் எலியேசர் பாதியில் நிறுத்தி வேத வசனம் எடுத்துக்காட்டுவார். மகள் கெசியா கிண்டல் பண்ணுவாள். சண்டை போட்டு மார்க் போடுவார்கள்.

மார்ச் மாதம் கெசியாவின் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபைக் கோயிலில் வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலை. முதல் ஞாயிறு வாசித்த அன்று சாயங்காலமே, “எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்று அவள் ஆயரிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டாள். அந்த ஓலையை மைக்கில் வாசித்தவர் சபைச் செயலர். அதாவது அவள் அப்பா. அடுத்த ஞாயிறு அதே மைக்கில் நின்று, “போன வாரம் வாசிக்கப்பட்ட ஓலை திரும்பப் பெறப்படுகிறது” என்று வாசித்தவரும் அவரேதான்.

அன்றோடு எலியேசர் மகளிடம் பேசுவதை நிறுத்தினார். கெசியா வேலை பார்க்கும் சரவணம்பட்டியிலேயே ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை வந்து துணி எடுத்துக்கொண்டு, குழம்பு வாங்கிக்கொண்டு போவதோடு சரி. கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. சிங்காநல்லூர் வீட்டு ஹாலில் டிவி இருந்தது, சோபா இருந்தது, குடும்பம் இல்லை.

ஆனால் பட்டியல் மட்டும் மாதாமாதம் வந்தது, அந்த வரியோடு.

பதினொன்றரைக்கு எலியேசர் கோயிலில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு வந்தார். பின்னாலேயே கெசியாவும் பையோடு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

எப்சிபா இருவரையும் ஹாலில் நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் சொன்னாள். ரவிதேஜா பேசியதை, டப்பா திரும்பி வருவதை, நாலு மணிக்கு அவர்கள் வருவதை. கடைசியில், எல்லாவற்றையும்விடக் கஷ்டமானதை.

“அந்தப் படத்தை நான் பார்க்கலை. இருபது நிமிசம்தான் பார்த்தேன். மீதிக்கு, யூடியூப்ல படத்துக்குக் கீழே போட்டிருந்ததைப் பார்த்து எழுதிப்போட்டேன்.”

கெசியா பையைக் கீழே வைத்தாள்.

“பார்க்காமலா? நீங்களாம்மா?”

“உன்னைக் கூப்பிட்டா வந்திருப்பியா?”

“அதுக்கு? எழுதாம இருந்திருக்கலாமே. அந்த வரியை மட்டுமாவது எடுத்திருக்கலாம்.”

“எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு நூத்திருபது குடும்பமும் கேக்கும். உங்க ஊட்ல இப்ப யாரும் ஒண்ணா உக்கார்றதில்லையான்னு கேக்கும். நான் என்ன சொல்லட்டும்?”

எலியேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்காக யோசிக்கிற மனிதர். ஃபவுண்டரியில் முப்பது வருடமாக ஸ்டோர் பார்க்கிறார். இருப்பில் ஒரு சாமான் குறைந்தால் சத்தமில்லாமல் ஈடு கட்டிவிடத் தெரியும்.

“இப்ப மணி பன்னெண்டு. படம் எவ்வளவு நேரம்?”

“ரெண்டேகால் மணி.”

“சாப்பிட்டுட்டு உக்காந்தா மூணுக்கு முடிஞ்சுரும். பார்த்துப்போட்டா அப்புறம் பொய் இல்லையே. விசயத்தை வெளியே விடவேண்டாம் எப்சி. சபைக்கு முன்னாடி ஒருக்கா தலை குனிஞ்சது போதும்.”

“ஜூலைல எழுதுன பொய் ஆகஸ்ட்ல பார்த்தா சரியாயிருமா?” என்று கெசியா சுவரைப் பார்த்துக் கேட்டாள். எலியேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிமோட்டைத் தேடினார்.

ஆனாலும் அவள் கிளம்பவில்லை. டப்பாவைத் திறக்காத பிள்ளை அவளை உட்கார வைத்தது.

படத்தின் பெயர் ‘பதினேழாம் கட்டில்’. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றியது. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எப்சிபா பார்த்திருந்த இருபது நிமிடத்தில் ஒரு சிறுமி பாடகர் குழுவில் பாடினாள், ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்தாள், அம்மாவோடு சிரித்தாள். நல்ல படம் என்று யாரும் நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு நோய் வந்தது.

மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எப்சிபா இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். எலியேசரின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சிறுமி பதினேழாம் கட்டிலின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். ஒரு நர்ஸ் பாலும் பன்னும் கொண்டுவந்து நீட்டினாள். சிறுமி தலையை ஆட்டி மறுத்தாள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. நாலாம் நாள் காலை அம்மா கண்ணைத் திறந்தாள். பெரிய டாக்டர் சிறுமியின் தலையில் கை வைத்துச் சொன்னார்: “நீ பட்டினி கிடந்தாய். அதனால்தான் உன் அம்மா பிழைத்தாள்.”

கெசியா ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். டாக்டரின் கை சிறுமியின் தலைமேல் அப்படியே நின்றது.

“இதையாம்மா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைக்குக் காட்டச் சொன்னீங்க?”

முழுதும் பார்த்திருந்தால் இந்தப் படத்தை எப்சிபா கனவிலும் எழுதியிருக்க மாட்டாள். அவள் எழுதியதோ வேறு: ‘சிறுவர்களின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும். அவசியம் காட்டுங்கள்.’

“தேவ சித்தம்னு எடுத்துச் சொல்லோணும்” என்றார் எலியேசர் மனைவியிடம். “எல்லா ஜெபத்துக்கும் நாம கேட்ட பதிலே வராது. அதைப் பக்குவமா...”

“ஒம்பது வயசுப் பிள்ளைகிட்டயா?” கெசியா இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். “எனக்கே இருபத்தஞ்சு வயசுல புரியலைங்கப்பா.”

எலியேசர் வாயைத் திறந்தார். அழைப்பு மணி அடித்தது.

மணி மூன்றுகூட ஆகவில்லை.

ரவிதேஜா கையில் ஹெல்மெட்டோடு நின்றார். “ஸ்தோத்திரமுங்க” என்றார். பெனினா கற்றுக்கொடுத்த சொல். இன்னும் அவர் வாயில் முழுசாகப் பழகவில்லை. “சனிக்கிழமைங்கறதால பட்டறையை சீக்கிரமே சாத்திப்போட்டோம். இவளும் நச்சரிச்சுட்டே இருந்தா. தொந்தரவு இல்லீங்களே?”

ஹர்ஷிணி அப்பாவின் பக்கத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். ஃபிராக் தோளிலிருந்து நழுவியது. அவள் கண் நேரே டிவிக்குப் போய் நின்றது.

“இப்பத்தான் பார்க்கறீங்களா ஆன்ட்டி?”

“மறுபடி ஒருக்கா பார்க்கலாம்னு போட்டோம் பாப்பா” என்றார் எலியேசர் சட்டென்று. சபைச் செயலருக்கு இவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்பது இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்த எப்சிபாவுக்கே தெரியாது. அந்தப் பொய்யின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் இன்றைய பொழுது ஓடிவிடும். ஹர்ஷிணியோ எப்சிபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை கண்ணு. இப்பத்தான் பார்க்கறோம். பார்க்காமலே எழுதிப்போட்டேன். குடும்பமாப் பார்த்தோம்னு எழுதுனது பொய்.”

தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

ரவிதேஜா கோபப்பட்டிருந்தால் எப்சிபாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“பெனினா இருந்தா எதைப் படிக்கக் குடுக்கோணும், எதைக் காட்டோணும்னு அவளுக்குத் தெரியும்ங்க. எனக்கு என்னங்க தெரியும்? எங்கூட்ல ஏழுமலையான் படத்துக்கு விளக்கு வெச்சு வளர்ந்தவன். ஆறு மாசமா உங்க பட்டியலை வெச்சுத்தான் ஓட்டறேன். ஒரு மாசம் விடாம பீரோக் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன்ங்க.”

எப்சிபாவுக்கு அழுகை வந்தது. அழுதால் இவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“உக்காருங்க, டீக்கு ஏதாச்சும் வாங்கியாரேன்” என்று எலியேசர் சட்டையை மாட்டிக்கொண்டு தப்பித்தார். தெருமுனை பேக்கரிக்குப் போய்வர அவருக்குப் பத்து நிமிடம் போதும். இன்று இருபது ஆனது. வந்தபோது கையில் எண்ணெய் கசிந்த அட்டைப் பெட்டி. தட்டில் எடுத்து வைத்து முதலில் பிள்ளைக்கு நீட்டினார். சூடான முட்டை பப்ஸ்.

ஹர்ஷிணி பின்னால் நகர்ந்தாள். முகம் வெளுத்துப்போனது.

“எடுத்துக்கோ கண்ணு” என்றார் ரவிதேஜா. பிறகு எலியேசரிடம், “பப்ஸ்னா உசுருங்க இவளுக்கு. அவங்கம்மா சீரியஸா இருந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்லகூட நான்தான் ரெண்டு வாங்கிக் குடுத்தேன்” என்றார்.

ஹர்ஷிணி எழுந்து அடுக்களைக்குள் ஓடினாள். ரவிதேஜா எழப் போனார். “நீங்க இருங்கண்ணா, நான் பார்க்கறேன்” என்று கெசியா பின்னால் போனாள். எப்சிபாவும் போய்க் கதவைச் சாத்தினாள்.

பிள்ளை சிங்க் ஓரமாக நின்று குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். அழும் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. இதை எங்கே கற்றுக்கொண்டாளோ.

“என்ன கண்ணு?” கெசியா அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

“அப்பா காதுல விழுகக் கூடாதுக்கா.”

“விழுகாது.”

“அன்னிக்கு சர்ச்ல எல்லாரும் எங்கம்மாவுக்காக உபவாசம் இருந்தீங்கல்ல? நானும் இருக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். அப்பா கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பசிச்சுது. ரெண்டு பப்ஸையும் தின்னுட்டேன். அடுத்த நாள் அம்மா செத்துட்டாங்க.” மூக்கை உறிஞ்சினாள். “நான் உபவாசம்னு அப்பாவுக்கு அப்பத் தெரியாது. இப்பத் தெரிஞ்சா, நான்தானே வாங்கிக் குடுத்தேன்னு அழுவாங்க. சொல்லிராதீங்க.”

எப்சிபா பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாள். ஆறு மாதமாக இந்தப் பிள்ளை அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் புண்ணில் தன் பட்டியல் போய்க் குத்தியிருக்கிறது.

“இங்க பாரு கண்ணு. நீ தின்னதுக்கும் அம்மா போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தியமா இல்லை. அன்னிக்கு நானுந்தான் சாப்பிட்டேன். சுகர் மாத்திரை போட்டாகோணும், மத்தியானமே ரெண்டு இட்லி தின்னேன்.”

ஹர்ஷிணி குழாயை மூடினாள். திரும்பி எப்சிபாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நெசமாலுமே தின்னீங்களா? இல்ல, படம் பார்த்தேன்னு எழுதுனீங்களே, அது மாதிரிங்களா?”

பிள்ளை குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எப்சிபாவின் வாழ்க்கையில் யாரும் அவளை இவ்வளவு வலிக்க அடித்ததில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. அதை நம்புவதற்குப் பிள்ளையிடம் ஒரு காரணமும் இல்லை.

“நான் என்ன செஞ்சா நம்புவே?”

ஹர்ஷிணி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், கட்டை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு.

“பார்க்காம எழுதுனதை நாளைக்கு சர்ச்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா, இட்லி தின்னதையும் நம்பறேன். அப்புறம் நானும் அப்பாகிட்ட பப்ஸைப் பத்திச் சொல்லிப்போடறேன்.”

கெசியா அம்மாவைப் பார்த்தாள். ஹாலில் எலியேசர் ரவிதேஜாவிடம், மோட்டாருக்கு இப்போது காப்பர் கம்பி என்ன விலை என்று உரக்க விசாரித்துக்கொண்டிருந்தார்.

“சரி கண்ணு” என்றாள் எப்சிபா.

“மைக்ல சொல்லோணும். பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கேக்காது.”

“மைக்லயே சொல்றேன்.”

புறப்படும்போது ரவிதேஜா வாசலில் தயங்கி நின்றார். “என்னங்கக்கா சொன்னா?” என்று மெல்லக் கேட்டார்.

“அவளே உங்ககிட்ட சொல்லுவா தம்பி. நான் சொன்னா நல்லா இருக்காது. நாளைக்கு ரெண்டு பேரும் தவறாம வந்துருங்க.”

வண்டி தெருமுனையில் திரும்பியது. எப்சிபா கதவைச் சாத்தாமலே விஷயத்தைக் கணவரிடம் சொல்லி முடித்தாள்.

எலியேசர் சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“ஆயர்கிட்ட தனியா சொல்லு. அடுத்த மடல்ல ஓரமா ரெண்டு வரி போட்டுக்கலாம். ஆராதனையில வேண்டாம். அறிவிப்பு வாசிக்கறது நான் எப்சி. அந்த மைக் முன்னாடி மார்ச் மாசம் நான் நின்னது உனக்கு மறந்துபோச்சா? மறுபடியும் என் ஊட்டு விசயத்தை நானே சொல்லோணுமா?”

“நீங்க சொல்ல வேண்டாம்ங்க. மைக்கை என்கிட்ட குடுத்தாப் போதும்.”

“குடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் தட்டில் ஆறிப்போயிருந்த பப்ஸைப் பார்த்தார். பிள்ளை நகர்ந்துபோனது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தட்டைத் தள்ளி வைத்தார்.

கெசியா பையைத் தோளில் மாட்டவில்லை. உள் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“நான் இன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போகலைம்மா. நாளைக்குக் கோயிலுக்கு வாரேன். நீங்க எந்திரிச்சுப் பேசறப்ப நானும் பக்கத்துல நிக்கறேன். அந்த வரியில நானும்தானே இருக்கேன்.”

எப்சிபா கணவரைப் பார்த்தாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் மூன்றாவது வரிசையில் மகளின் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அறிவிப்புத் தாளைப் பிரிப்பார். அது எப்சிபாவுக்குத் தெரியும். அது தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எலியேசர் எழுந்து அறை வாசல்வரை போனார். திரும்பாமல் நின்றார்.

“எட்டரைக்கு ஆராதனை. லேட்டா வராதே.”

மனைவியிடம் சொல்லவில்லை. எப்சிபா ஒருநாளும் லேட்டாகப் போனவள் இல்லை.

கெசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவளும் அந்த அப்பாவின் மகள்தானே. விடவில்லை.

“சரிங்கப்பா. மைக் குடுப்பீங்களா?”

எலியேசர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.